மூனாவும் மாவன்னாவும்

மணி பத்தே முக்காலுக்கு இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. கீழே பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிற மிஷின் கிர்ர் கிர்ர் என்று போட்டுக்கொண்டிருந்தது. மேலே செண்பகவல்லி கையை மடியில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ரெண்டு காலிக் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். காலிக் கட்டம் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை, பெயர் எழுதுகிற இடம். ஆபீசில் ஏழு பேர், ஏழு பேருக்கும் ஏழு வரி, அஞ்சு வரி எழுதியாகிவிட்டது, மிச்சம் இருக்கிற ரெண்டு வரியும் செண்பகவல்லி. ஒன்று இவள், இன்னொன்று சன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிற சின்ன செண்பகம். கோவில்பட்டியில் இது ஒரு அதிசயமா, அம்மன் பெயர் செண்பகவல்லி, தெருவில் நின்று செண்பகம் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒருத்தி கையில் குடத்தோடு என்னக்கா என்பாள். பள்ளிக்கூடத்தில் இவள் வகுப்பிலேயே மூன்று பேர் இருந்தார்கள். டீச்சர் இன்ஷியலைச் சொல்லித்தான் அடிப்பாள். அப்போது இவள் பி. செண்பகவல்லி. அந்த பி இப்போது எங்கே போனதோ, எந்தப் பழைய சர்டிபிகேட்டுக்குள் மடங்கிக் கிடக்கிறதோ. பதினோரு மணிக்கு ஞானதுரை சார் வந்துவிடுவார், வந்ததும் சென்னை மேடத்துக்குப் போன் போடுவார், மேடம் அங்கே இருந்தே ஷீட்டைத் திறந்து பார்ப்பாள், சின்ன செண்பகத்துக்கு எதிரே பதினைந்தோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வேலை நிரந்தரம், ஆறு மாச ட்ரெயினிங் இன்றோடு தீர்கிறது. அவள் முடித்திருக்கிற வேலை பதினாறு. ஆனால் ஷீட்டில் அவளுக்கு எதிரே இருப்பது சைபர்.

அந்த சைபரைப் போட்டது இவள்தான். இவள் கையால் போடவில்லை, இவள் எழுதின புரோகிராம் போட்டது, அது இன்னும் மோசம், கையால் போட்டிருந்தால் கையால் அழித்துவிடலாம். ஆறு வருஷமாக இந்த ஆபீசில் செண்பகவல்லிக்குக் காலையில் ஒரே வேலை. ஆபீஸ் பிள்ளைகள் சேர்ந்து, ஆடு மாட்டுக்கு ஊசி போடுகிற நாளைச் சொல்லும் ஆப் ஒன்றைச் செய்கிறார்கள். எழுதினதெல்லாம் ரெப்போ என்கிற இடத்தில் போய்ச் சேரும், யார் எந்தக் கோளாறைச் சரி பண்ணினார்கள் என்பது அங்கே தானாகவே பதிந்து கிடக்கும். மேடத்துக்கு அதெல்லாம் பார்க்க வராது, அவளுக்குக் கட்டம் போட்ட ஷீட்டு வேண்டும். அதனால் இவள் ரெப்போவைப் பார்த்துப் பார்த்து ஷீட்டில் எழுதுவாள், அதைப் பார்த்து இதில், அதைப் பார்த்து இதில், கழுத்து கோவில் புறா மாதிரி ஆகிப்போனது. ரெண்டு மாசத்துக்கு முன்னால் ஒரு வரி வழுக்கி, தினகரன் முடித்த மூன்று வேலை ஜோஸ்பின் பெயரில் விழுந்து, அவன் மூஞ்சியை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் திரிந்தான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அப்போதுதான் சார் சொன்னார், "இனிமே ஷீட்ல யாரு கையும் படக்கூடாது. ரெப்போவே பாத்து அதுபாட்டுக்கு எழுதிக்கிடட்டும். மதுரையில ஒரு பையன் இருக்கான், அவனை வரச் சொல்லுதேன்." செண்பகவல்லி வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, "நான் எழுதிப் பாக்கட்டுமா சார்." யார் அது பேசினது என்று இவளே திரும்பிப் பார்க்க இருந்தாள். சார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விட்டிருப்பாள். பாருங்கம்மா என்றார். பார்த்தாள். நாற்பது நாள் பார்த்தாள். சொல்லிக்கொடுத்தது முழுக்க அந்தச் சின்னவள்தான், சாப்பாட்டு நேரத்தில் எலுமிச்சைச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "யக்கா, அடைப்புக்குறியைத் திறந்தா மூடணும், வீட்டுக் கதவைத் திறந்து போட்டுட்டு வருவீகளா" என்று கேட்பாள். தன் வேலையை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தாள், அந்த நேரத்தில் இன்னும் நாலு கோளாறைச் சரி பண்ணியிருக்கலாம். காளை மாட்டுக்கும் சினை பிடித்த தேதி கேட்டு ஆப் அடம்பிடித்ததே, டாக்டர் ஒருத்தர் போன் போட்டு என் காளை எப்பம்மா கன்னு போடும் என்று கேட்டாரே, அதைச் சரி பண்ணினது அவள்தான், அதுவும் அந்தப் பதினாறில் ஒன்று.

காலை ஒன்பதரைக்கு, எழுதின புரோகிராமையும் ரெப்போவில் ஏற்றி முதல் தடவையாக ஓடவிட்டாள். திரையில் மஞ்சள் வட்டம் சுற்றிச் சுற்றி, வேலை முடிந்தது என்று பச்சை டிக் விழுந்தபோது, பெரிய மகள் பிறந்த அன்று நர்சு துணியைப் போட்டு நீட்டினாளே, அந்த மாதிரி இருந்தது, இது என்னுதா, நானா செய்தேன் என்று. அப்புறம் ஷீட்டைத் திறந்தாள். சின்னவளுக்கு சைபர். தனக்குப் பதினேழு. ஒரு நிமிஷம், பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் அந்தப் பதினேழு இனிப்பாகத்தான் இருந்தது. தப்பு என்று தெரிந்த பிறகும் நாக்கில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. தினகரனுக்குப் பதினாலு, ஜோஸ்பினுக்குப் பன்னிரண்டு, செண்பகவல்லிக்குப் பதினேழு, எட்டு வருஷம் கீழே பாத்திரக் கடையில் தூக்குச்சட்டிக்கும் குத்துப்போணிக்கும் பில் போட்டவளுக்குப் பதினேழு. பதினேழில் பதினாறு போனால் எவ்வளவு என்று மனசு போகவே இல்லை, படியில் பாம்பு கிடந்தால் கால் நிற்குமே அப்படி நின்றுகொண்டது. அப்புறம்தான் காரணம் தெரிந்தது. புரோகிராமை ரெப்போவில் இருக்கிற பெயரைப் பார்த்து எழுது என்று பழக்கியிருந்தாள், சின்னவளுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கல்யாணம், மாப்பிள்ளை பெயர் மாரீஸ்வரன், திங்கட்கிழமை வந்து உட்கார்ந்ததும் முதல் காரியமாக ரெப்போவில் தன் பெயருக்கு முன்னால் இருந்த எஸ்ஸை எடுத்துவிட்டு எம் போட்டிருக்கிறாள். இவள் வீட்டுக்காரர் முத்தையா. அதுவும் எம். ரெண்டு எம். செண்பகவல்லி. மிஷினுக்கு என்ன தெரியும், ரெண்டு பேரும் ஒரே ஆள் என்று சேர்த்துக் கட்டிவிட்டது, ஷீட்டில் இருந்த எஸ் வரி ஆளில்லாமல் சைபராக நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் ரெண்டு பந்திக்கு ஒரே இலை போட்ட மாதிரி.

சரி, அதைத் திருத்தியாயிற்று. பெயரைப் பார்க்காதே, ரெப்போவில் ஆளுக்கு ஒரு அடையாளம் இருக்கிறது, கல்யாணம் ஆனாலும் மாறாதது, அதைப் பார் என்று மாற்றி, அடையாளத்துக்கு எதிரே ஷீட்டில் வர வேண்டிய பெயரைப் பட்டியலாக எழுதிக்கொண்டு வந்தவள்தான் இந்த ரெண்டு கட்டத்தில் வந்து நிற்கிறாள். கூட்டிப்போடுகிற கணக்கு ஷீட்டில் பெயரை வைத்துத்தான் கூட்டும், அது மேடம் வைத்த கணக்கு, அதைத் தொடக்கூடாது. பெயர் ரெண்டும் வேறு வேறாக இருந்தே ஆக வேண்டும். ஒன்று, ரெண்டு என்று போடலாமா. மனுஷிக்கு நம்பர் போட எவர்சில்வர் அடுக்கா இது, சம்படமா. பெரிய செண்பகம், சின்ன செண்பகம் என்று போடலாமா. மேடம் சிரிப்பாள். பெரிய என்று தன்னையே தான் எப்படி எழுதுவது. சாருக்குப் போன் போட்டாள், சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார், எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன சொல்லுவார், ஷீட்டு சொல்றதுதாம்மா கணக்கு, நாம சொல்றது இல்ல, என்பார். அது அவரே வைத்த சட்டம். பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது, புது வளையல், ஒரு கை நிறைய. "யக்கா, டீ ஆறுது." வையி என்றாள். "என்ன மூஞ்சி இப்படி இருக்கு? ஓடலையா?" என்று சின்னவள் குனிந்தாள். "ஓடுது. நல்லாத்தான் ஓடுது. உன்னையத் தூக்கி எங்கிட்ட போட்டுருச்சு." அவள் பார்த்தாள், "அய்ய, ரெண்டு பேரும் எம்மா" என்று சிரித்தாள், சிரிப்பு பாதியில் சைபரைப் பார்த்துவிட்டது. "அப்ப நான் எஸ்ஸுக்கே போயிருதேன்க்கா. திங்கக்கிழமைதான மாத்துனேன், இன்னும் ஆதார்லகூட மாத்தல." "உங்க வீட்டுல பாத்தாகளா?" "பாத்தாக." "என்ன சொன்னாக?" "போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சுருக்காக. எங்க அத்தை எழுதப்படிக்கத் தெரியாதவுக, அவுககூட ரெண்டு தடவ பாத்தாக." சொல்லும்போது அவள் கீழே பார்த்துக்கொண்டாள், கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் சாயம் விட்டுக்கொண்டிருந்தது, சுடிதார் கழுத்துப்பட்டியெல்லாம் மஞ்சள். "போ, போயி உன் சீட்டுல உக்காரு. நான் பாத்துக்கிடுதேன்." "பதினோரு மணிக்குள்ளயா?" "ஆமா. நீ பக்கத்துல நின்னா எனக்குக் கை வராது." அவள் போனாள். போகிறபோது, "வேலை போனாலும் பரவால்லக்கா, வீட்டுல சும்மா இருக்கச் சொல்லி ஒரு கோஷ்டி இருக்கு, ரொம்ப சந்தோசப்படும்" என்றாள், வேடிக்கை மாதிரிதான் சொன்னாள்.

வேடிக்கையா அது. வீட்டில் சும்மா இரு என்பது எப்படித் தொடங்கும் என்று செண்பகவல்லிக்குத் தெரியாதா, ஒரு மாசத்துக்கு மட்டும் என்று தொடங்கும், அப்புறம் ஒரு பிள்ளை, அப்புறம் இன்னொன்று. இவளுக்கு முத்தையா அப்படி இல்லை. பஞ்சர் கடை, கையெல்லாம் கருப்பு, மனசு வெளுப்பு. மேலே கம்ப்யூட்டர் ஆபீசுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று இவள் தயங்கி நின்றபோது, பதினெட்டுப் படிதானே, ஏறு செம்பா, பிடிக்கலைன்னா இறங்கிரு என்றார். அவர் எம்மை எடுத்துவிட்டு நாமே பழைய பி-க்குப் போய்விடலாமா. அப்பா பொன்னுச்சாமி. கல்யாணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டில் எழுத்து மாற்றின அன்றைக்கு அப்பாவிடம் போய் ஏதோ திருடினவள் மாதிரி நின்றாள். அப்பா வெற்றிலையை மென்றுகொண்டே, "எழுத்துதானத்தா, எடுத்துட்டுப் போட்டும். மூக்கு எம் மூக்கு. அதை மாத்தச் சொல்லு பாப்போம்" என்றார். அப்பாவுக்குப் பிரச்சினை இல்லை. முத்தையாவுக்குத்தான் இருக்கும். போன வருஷம் ஒரு நாள் வீட்டில் வைத்து போனில் ஷீட்டைத் திறந்து காட்டினாள். தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டுவார், இங்கிலீஷ் பக்கம் போகமாட்டார். இதுல நான் எங்க இருக்கேன் என்று கேட்டார். "இந்தா, எம் பேருக்கு முன்னால நிக்கீகளே, எம்." "இந்த ரெண்டு காலையும் விரிச்சுக்கிட்டு நிக்கிற எழுத்தா? முத்தையாவுக்கு மு தானே." "இங்கிலீசுல எம்முதான்." "அப்ப மாடசாமிக்கு?" "அதுவும் எம்." "முனியாண்டிக்கு?" "எம்." "நல்லாருக்கே, ஊருக்கெல்லாம் ஒரே அளவு செருப்பு" என்றார். சிரித்தார்கள். ஆனால் மறுநாள் கடையில் தார்ப்பாய் விரிப்பில் ஆணியால் எம் எம் எம் என்று கீறிப் பழகியிருந்தார், சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தாள், பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. அந்த மனுஷரை எப்படி எடுத்துப் போடுவது. அந்தப் பிள்ளையிடமிருந்து எப்படி எடுப்பது, மூன்று வாரம்தானே ஆகிறது, சாயம்கூடப் போகவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டால் பதினேழு அப்படியே இருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள், சீ, என்ன நினைப்பு இது, எங்கிருந்து வருகிறது, வாய்க்குள் புகுந்த ஈ மாதிரி. மணி பத்து ஐம்பது.

கீழே பெயர் வெட்டுகிற மிஷின் நின்றது. நின்ற பிறகுதான் அதுவரை ஓடினது தெரிந்தது. கடைக்கார சங்கரலிங்கம் அண்ணாச்சி குரல், அவர் மெதுவாகப் பேசினாலே மாடிக்குக் கேட்கும். "எழுத்தைச் சரியாச் சொல்லுங்கம்மா, மூனாவா மாவன்னாவா? வெட்டினா வெட்டினதுதான், பெறகு மாத்துன்னு வரக்கூடாது." ஒரு பொம்பளைக் குரல் என்னவோ சொன்னது, தெருவில் மினிபஸ் போனதில் அது கேட்கவில்லை. அண்ணாச்சி திரும்பச் சொன்னார், "மாவன்னா. சரி. மாவன்னா, சூனா." மிஷின் மறுபடியும் கிர்ர். செண்பகவல்லி அந்த நோட்டை எட்டு வருஷம் எழுதியிருக்கிறாள், வெட்ட வேண்டிய எழுத்து நோட்டு, பானைக்குக் கானா என்றால் க, குடத்துக்குக் காவன்னா என்றால் கா, ஒரு தடவை காவன்னாவைக் கானாவாக எழுதிப்போட்டு சீர்ப்பானை வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது என்று ஒரு சம்பந்தக்காரர் வந்து கத்தினார், ஒரே ஒரு கால் அம்மா, ஒரே ஒரு கால் விட்டுட்டியே என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார், ஒரு கால், ஒரு கால் இருந்தால் ஒரு குடும்பம், இல்லாவிட்டால் இன்னொரு குடும்பம், மூனா, மாவன்னா. செண்பகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முத்தையா மூனா. மாரீஸ்வரன் மாவன்னா. எம்முக்குள் கொண்டுபோய் ரெண்டு பேரையும் அடைத்தது யார், நாமேதான். இங்கிலீஷில் எழுதினால்தான் ஷீட்டு என்று எவன் சொன்னான். ஒருத்தனும் சொல்லவில்லை. ஆறு வருஷமாக எவனும் சொல்லாமலே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

எழுதினாள். மு.செண்பகவல்லி. மா.செண்பகவல்லி. ஷீட்டில் பெயர் வரிசையை மட்டும் பூட்டாமல் வைத்திருந்தார்கள், அங்கேயும் அதே மாதிரி எழுதினாள். அஞ்சு பேர் பேன்ட் சட்டையில் நிற்கிற போட்டோவில் ரெண்டு பேர் மட்டும் சேலையில் நிற்கிற மாதிரி இருந்தது. இருந்தால் இருக்கட்டும். ஓடவிட்டாள். உடனே ஓடவில்லை, வரிசையில் நிற்கிறது என்று சொன்னது, எந்த ஊர் வரிசையோ, முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்களோ. பத்து ஐம்பத்தி நாலு. புள்ளிக்குப் பிறகு இடம் விட்டோமா. இங்கே விட்டு அங்கே விடாமல் இருந்தால் போச்சு, ஒரு இடைவெளி, கண்ணுக்கே தெரியாத ஒன்று, அதுவும் ஒரு எழுத்துதான் யக்கா என்று சின்னவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். திறந்து பார்த்தாள். விடவில்லை. இங்கேயும் விடவில்லை, அங்கேயும் விடவில்லை. தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகப் போய்விட்டால். ஒரு தடவை கரண்ட் பில்லில் அப்படி வந்தது, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சன்னல் சன்னலாக. மஞ்சள் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்று, சுற்று தாயி, என்றாள் மனசுக்குள், மாட்டை வண்டியில் பூட்டிவிட்டுப் பின்னால் நடக்கிற மாதிரி. சின்னவள் சன்னல் பக்கமிருந்து இவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று முதுகுக்குத் தெரிந்தது. அவள் டீயும் ஆறியிருக்கும். பத்து ஐம்பத்தேழு. படியில் செருப்புச் சத்தம், சார் செருப்பு, ஒரு கால் கொஞ்சம் இழுக்கும். பெரிய மகள் இந்நேரம் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள், அவள் இன்ஷியலும் மூனாதான், நாளைக்கு அது என்ன ஆகுமோ, ஆனால் ஆகட்டும், எந்த எழுத்தாக இருந்தாலும் அவள் பெயருக்கு எதிரே அவள் செய்தது இருக்க வேண்டும், அவ்வளவுதான், அதுக்கு மேல் ஒரு ஆசையும் இல்லை. பச்சை. பச்சை விழுந்துவிட்டது. ஷீட்டைத் திறந்தாள். மா.செண்பகவல்லி, பதினாறு. எழுத்து அழகாக, கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் வரி, மு.செண்பகவல்லி. ஒன்று.

சார் உள்ளே வந்தார், போன் ஏற்கெனவே காதில் இருந்தது, மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். மேடம் குரல் தெளிவாக, ஏதோ அடுத்த அறையிலிருந்து பேசுகிற மாதிரி வந்தது. "ஞானதுரை, இது தானா எழுதினதா? யாரும் கை வைக்கலையே?" "கை வைக்கல மேடம்." "ரெண்டு பேர் மட்டும் ஏன் தமிழ்ல இருக்கு?" சார் திரையைப் பார்த்தார், செண்பகவல்லியைப் பார்த்தார், சின்னவள் கழுத்தைப் பார்த்தார், அவருக்கு விளங்க அவ்வளவு நேரம் போதும், இந்த ஊர்க்காரர்தானே. "இங்கிலீஷ்ல ரெண்டு பேரும் எம் மேடம். இடிக்கும்." "ஓ" என்றாள் மேடம். "சரி. மா. செண்பகவல்லி பதினாறு. நல்லது, அவங்களுக்கு ஆர்டர் அடிச்சிருங்க." சன்னலோரத்தில் வளையல் மொத்தமும் ஒரு தடவை குலுங்கிவிட்டு அடங்கியது. செண்பகவல்லி அந்தப் பக்கம் திரும்பவில்லை, திரும்பினால் கண்ணு நிறைந்துவிடும், சாருக்கு முன்னால் எதுக்கு. இத்தோடு போனை வைத்துவிட்டால் நல்லது, வைத்துவிடு தாயி. "இந்த மு. யாரு, புதுசா சேந்தவங்களா? ஒரே ஒண்ணுதான் இருக்கு." தினகரனும் ஜோஸ்பினும் தலையைத் தூக்கினார்கள். சார் வாயைத் திறந்தார். அதற்குள் செண்பகவல்லி போனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்துவிட்டாள்.

"நாந்தான் மேடம். ஆறு வருஷமா இருக்கேன்."

"அப்படியா. அந்த ஒண்ணு என்ன வேலைம்மா?"

"இப்ப நீங்க பாத்துக்கிட்டு இருக்கீகள்லா மேடம்," என்றாள் செண்பகவல்லி, "அதுதான்."